190 பேர், 206 வரி

"தம்பி, லிஸ்ட்ல என் பேருக்கு நேரா சைபர் போட்டுகீது. இன்னான்னு கேட்டா, கணக்கு போட்டது நெமிலி தம்பிதான், அவரையே போய்க் கேளுன்றாங்க."

2018-ம் வருடம். தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால், காலை ஆறே முக்கால் மணி. என் வீட்டு வாசலில் நின்று ஓர் அம்மா இப்படிக் கேட்டார். கையில் சாப்பாட்டுத் தூக்கு. ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். நானோ வாயில் பிரஷ்ஷுடன் நிற்கிறேன். பேஸ்ட் நுரையோடு ஒருவன் என்ன விளக்கம் கொடுத்தாலும் அதில் நம்பிக்கை வராது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"நீங்க லீவு ஜாஸ்தி போட்டீங்களாம்மா?"

"மாமியாரு செத்த அன்னிக்கு ஒரு நாளு. காரியத்துக்கு ஒரு நாளு. அவ்ளோதான்."

வேன் ஹாரன் கேட்டது. "சாயங்காலம் பார்த்துச் சொல்றேம்மா" என்றேன். "பாத்து சொல்லு தம்பி, சீட்டுக் காசு கட்டணும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

அன்றைக்குக் காபி இறங்கவில்லை.

*

என்னைப் பற்றி நாலு வரி. பி.காம். படித்தவன். பத்திரிகைகளுக்குத் துணுக்கு, கட்டுரை என்று எதையாவது எழுதிக்கொண்டிருப்பவன். அதில் வருகிற பணத்தில் தபால் தலையும் டீயும் வாங்கலாம், அரிசி வாங்க முடியாது என்பதால் சுற்று வட்டாரத்தில் நாலைந்து பேருக்குக் கணக்கும் எழுதுகிறேன். அதில் ஒன்று, ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன யூனிட். அப்பர் என்றால் ஷூவில் அடிப்பாகம் நீங்கலாக மேலே தெரிகிறதே, அது. வாணியம்பாடி, ஆம்பூர், விஷாரம், ராணிப்பேட்டை என்று இந்தப் பக்கத்தில் தோலைத் தொடாத குடும்பம் குறைவு. பதப்படுத்துவது தோல் ஷாப்பு. தைப்பது ஷூ கம்பெனி. பெரிய கம்பெனிக்கு நேரம் போதாவிட்டால் இந்த மாதிரி சின்ன யூனிட்டுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். நான் கணக்கு எழுதிய யூனிட்டில் 190 பேர். முக்கால்வாசிக்கு மேல் பெண்கள். பீஸ் ரேட். இத்தனை ஜோடிக்கு இத்தனை ரூபாய்.

முதலாளி பாய் தங்கமான மனிதர். அவருடைய தங்கை மகன் இன்ஜினீயரிங் படித்தவன். "காகிதச் சீட்டெல்லாம் எதுக்கு மாமா?" என்று ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஃபைல். அதில் ஒரே வரி: ஜோடி எத்தனை, ரேட் என்ன. லீவு போட்டாலும் சைபர் ஜோடி என்று ஃபைல் உண்டு. பையனுக்குத் தமிழ்ப் பற்று வேறு. ஃபைல் பெயரையே தமிழில் வைத்துவிட்டான். சரஸ்வதி என்று ஒருவர் இருந்தால் 'சரஸ்வதி-2017-11-06', பின்னால் ஒரு புள்ளி, டி.எக்ஸ்.டி. வருடத்துக்கு 300 நாள். 190-ஐ 300-ஆல் பெருக்குங்கள். 57,000 ஃபைல். இவை அத்தனையையும் ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டு அவன் வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டான்.

தீபாவளி போனஸுக்கு லிஸ்ட் போட வேண்டியது நான்.

அப்போது நடப்பில் இருந்தது 1965-ம் வருடத்து போனஸ் சட்டம். குறைந்தபட்சம் 8.33 சதவீதம். இன்னொரு விதியும் உண்டு. அந்தக் கணக்கு வருடத்தில் 30 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் போனஸே கிடையாது. இந்த 30-ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

*

என்னிடம் இருந்தது 2011-ல் தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப். அரசுக் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது. அதில் விண்டோஸோடு கூட 'பாஸ்' என்று ஒரு லினக்ஸும் இருக்கும். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தயாரித்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் பாஸ். வாங்கிய நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். என்னுடையதில் விண்டோஸ் வைரஸ் வந்து படுத்துவிட்டதால் நான் பாஸிடம் சரணடைந்தேன். "ஏற்கெனவே வீட்ல ஒரு பாஸ் இருக்கறது போதாதா?" என்றாள் மனைவி.

லினக்ஸில் ஷெல் என்று ஒன்று. கறுப்புத் திரை. மவுஸ், படம், பொம்மை எதுவும் கிடையாது. எழுத்தில் கட்டளை கொடுத்தால் எழுத்தில் பதில். பழைய சினிமாவில் ஜமீன்தாரும் கணக்குப்பிள்ளையும் பேசிக்கொள்வது மாதிரி. அதில் ஒரு வசதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கட்டளைக்குள் கட்டளை. 'கமாண்ட் சப்ஸ்டிட்யூஷன்' என்பார்கள்.

ஆபீஸ் உதாரணம் சொல்கிறேன். "இன்னிக்கு லேட்டா வந்தவங்க எல்லாருக்கும் மெமோ அடிச்சுடுய்யா" என்கிறார் மானேஜர். நீங்கள் என்ன செய்வீர்கள்? முதலில் ரிஜிஸ்டரைப் பார்த்து லேட்டாக வந்தவர்களின் பெயரை எடுப்பீர்கள். 'லேட்டாக வந்தவங்க' என்ற வார்த்தை இருந்த இடத்தில் அந்தப் பெயர்களை வைப்பீர்கள். அப்புறம்தான் மெமோ. ஷெல்லும் அதே. டாலர் குறி போட்டு அடைப்புக்குறிக்குள் ஒரு கட்டளை கொடுத்தால், அதை முதலில் செய்து, வந்த பதிலை அடைப்புக்குறி இருந்த இடத்தில் ஒட்டிவிட்டு, மொத்த வரியையும் நிறைவேற்றும். 1979-ல் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லில் இதற்குச் சாய்ந்த ஒற்றை மேற்கோள் குறி இருந்தது. டாலர் அடைப்புக்குறி பிறகு டேவிட் கோர்ன் கொண்டுவந்தது.

நான் கொடுத்த கட்டளை, தமிழில் சொன்னால், இதுதான்: 'ஃபோல்டரில் உள்ள எல்லாப் பெயரையும் எடுத்து ஆக் என்ற புரோகிராமிடம் கொடு. அது ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, ஆளுக்கு எத்தனை நாள், எத்தனை ரூபாய் என்று கூட்டி ஒரு வரி அச்சடிக்கட்டும்.'

என்டர் தட்டினேன். பதில் ஒரே வரியில் வந்தது: 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்.' நீ கொடுத்த பட்டியல் ரொம்ப நீளம், போய்யா!

மார்ச் மாதக் கணக்கை மட்டும் வைத்துச் சோதித்தபோது ஒழுங்காக வந்ததே? மானேஜர் சொல்லி நான் செய்யாமல் இருந்திருக்கிறேன். நான் சொல்லி மெஷின் செய்யாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

கல்லூரி நண்பன் ஒருவனுக்குப் போன் போட்டேன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. "இதுக்குப் போய் முழிக்கிறியே மச்சான். எக்ஸ்ஆர்க்ஸ் போடு" என்றான். போட்டேன். பத்தே நிமிஷத்தில் பட்டியல் வந்து விழுந்தது. அப்படியே எடுத்து ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒட்டினேன். கம்பெனி லிஸ்ட் டோக்கன் நம்பர் வரிசையில் இருக்கும். அதற்கு நேராக ஒவ்வொரு பெயரையும் தேடித் தொகையை எடுத்துவர வி-லுக்கப் போட்டேன். 30 நாளுக்குக் கீழே என்றால் சைபர் என்று ஒரு ஃபார்முலா. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். "அடேங்கப்பா, போன வருஷம் நாலு நாள் ஆச்சு" என்றார் பாய். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளாத குறை.

அடுத்த நாள் காலைதான் அந்த அம்மா வந்தது.

*

வேன் போனதும் லேப்டாப்பைத் திறந்தேன். ஸ்ப்ரெட்ஷீட்டில் அவர் பெயருக்கு நேராக 10 நாள் என்று இருந்தது. சரி, ஆக் கொடுத்த மூலப் பட்டியலைப் பார்ப்போம் என்று தேடினால்... அவர் பெயர் இரண்டு தடவை! ஒரு வரியில் 10 நாள். அடுத்த வரியில் 288. கூட்டினால் 298. வருடத்துக்கு 300 நாள், மாமியாருக்கு இரண்டு போக மீதி. அந்த அம்மா சொன்னது ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

வி-லுக்கப் என்பது ரேஷன் கடை ஊழியர் மாதிரி. முதலில் கண்ணில் பட்ட பெயரை எடுத்துக்கொண்டு "அடுத்த ஆள் வா" என்றுவிடும். இரண்டாவதாக அதே பெயர் இருக்கிறதா என்று பார்க்காது. 10 நாள், 30-க்குக் கீழே, ஆகவே சைபர்.

வயிற்றைக் கலக்கியது. மொத்தம் எத்தனை வரி என்று எண்ணச் சொன்னேன். 206 என்றது.

ஆள் 190.

பி.காம். முதல் வருடத்தில் ஜெயிலில் கைதிகளை எண்ணுவது மாதிரி இரண்டு பக்கமும் எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ட்ரையல் பேலன்ஸில் ஒரு ரூபாய் இடித்தாலும் விடிய விடிய உட்கார்ந்து தேடியவன் நான். பேனாவால் போட்ட கணக்கை மூன்று தடவை சரிபார்ப்பேன். கம்ப்யூட்டர் போட்டது என்றதும் ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்கவில்லை. 206-க்கும் 190-க்கும் 16 வித்தியாசம். பதினாறு பேருக்கு இரண்டு வரி. பதினாறு பேருக்கும் பாதியோ காலோ அரைக்காலோதான் லிஸ்டில் ஏறியிருக்கிறது. இரண்டு பேருக்குச் சைபர்.

ஒரே பெயருள்ள வரிகளைக் கூட்டி மறுபடி லிஸ்ட் போட அரை மணி நேரம். பல்கூட முழுசாகத் தேய்க்காமல் பஸ் பிடித்தேன்.

பாயிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பணம் இன்னும் கைக்குப் போகலை. பழைய லிஸ்டைக் கிழிச்சுட்டுப் புதுசு ஒட்டுங்க. அந்தப் பதினாறு பேருக்கும் நீங்களே போய்ச் சொல்லிடுங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

தையல் மெஷின் வரிசையில் போய் ஒவ்வொருவராகச் சொன்னேன். இங்கேதான் எனக்கு விஷயம் உறைத்தது. சைபர் வந்த இரண்டு பேர் மட்டும்தான் கேள்வி கேட்டிருந்தார்கள். மற்ற பதினாலு பேர் லிஸ்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். "கம்மியா இருக்கேன்னு நெனச்சேன் சார். கம்ப்யூட்டர்ல வந்துச்சுன்னாங்க. சரி, அப்டித்தான் போலன்னு விட்டுட்டேன்" என்றது ஒரு பெண். இன்னொரு அம்மா, போன வருஷத்தில் பாதிதான் என்று தெரிந்தும், ஆர்டர் குறைந்துபோயிருக்கும் என்று நினைத்து மகளுக்குப் பட்டுப் பாவாடை வேண்டாம், சாதாப் பாவாடை போதும் என்று முடிவே எடுத்துவிட்டாராம்.

*

பணம் சரியானது. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் தடவை ஏன் மாட்டேன் என்றது? இரண்டாவது தடவை ஏன் வாயைப் பொத்திக்கொண்டு தப்பாகச் செய்தது? அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சோதனையில் உட்கார்ந்தேன்.

அடைப்புக்குறிக்குள் வரும் பதிலுக்கு ஷெல் எவ்வளவு நீளம் வரை இடம் கொடுக்கும்? முதலில் இதைத்தான் பார்த்தேன். சைபராக அச்சடிக்கச் சொல்லி, அதை டாலர் அடைப்புக்குறியில் பிடித்து, எக்கோ என்ற கட்டளையிடம் கொடுத்தேன். எக்கோ கிளிப்பிள்ளை. கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும். பத்தாயிரம் எழுத்து, சரி. லட்சம், சரி. பத்து லட்சம், கோடி... லேப்டாப் மூச்சு வாங்கியதே தவிர, மறுக்கவில்லை. ஆகா, வரம்பே இல்லை போலிருக்கிறதே! பின்னே காலையில் ஏன் அப்படி?

அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புரிந்தது. எக்கோ இரண்டு உண்டு. ஒன்று ஷெல்லுக்குள்ளேயே குடியிருக்கும் வீட்டுப் பிள்ளை. இன்னொன்று டிஸ்க்கில் தனி ஃபைலாக இருக்கும் வெளியாள். நான் சோதித்தது வீட்டுப் பிள்ளையை. முழு முகவரி கொடுத்து வெளியாளைக் கூப்பிட்டேன். ஒரு லட்சம் சரி. இரண்டு லட்சம்... 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்'!

அப்புறம் ஏலம்தான். ஒன்றரை லட்சம்? மாட்டேன். ஒன்றே கால்? சரி. இப்படிப் பாதி பாதியாக நெருக்கிக்கொண்டே போய்ப் பிடித்துவிட்டேன். 1,31,071 எழுத்து போகிறது. 1,31,072 போகவில்லை. ஒரே ஒரு எழுத்தில் கதவு சாத்துகிறது.

(நடுவில் ஒரு கூத்து. சைபருக்குப் பதில் ஆயிரம் வெற்று வரியை அனுப்பி எண்ணிப் பார்த்தேன். பதில் நீளம் பூஜ்யம் என்றது! அடைப்புக்குறிக்குள் வரும் பதிலின் கடைசியில் உள்ள வெற்று வரிகளை எல்லாம் ஷெல் துடைத்துவிடும் என்பது தெரியாமல், லேப்டாப் ரிப்பேர் என்று நினைத்துத் தலையில் இரண்டு தட்டு தட்டினேன்.)

ஷூ கம்பெனியையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ஷெட்டுக்குள்ளே சரக்கை எவ்வளவு வேண்டுமானாலும் குவிக்கலாம். கேள்வி கிடையாது, இடம் இருந்தால் போதும். ஷெல் அந்த ஷெட். ஆனால் சரக்கு வெளியே போக வேண்டுமானால் கேட்டைத் தாண்ட வேண்டும். கேட்டில் செக்யூரிட்டி. லினக்ஸில் அந்த செக்யூரிட்டிக்குக் கர்னல் என்று பெயர். வேறொரு புரோகிராமைக் கூப்பிட்டுச் சரக்கைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் கர்னல் எடை போடும். அவரிடம் இரண்டு விதி. ஒற்றைப் பார்சல் 1,31,072 பைட்டுக்கு மேல் கூடாது. அதில் ஒன்று முடிவுக் குறிக்குப் போய்விடும். நான் பிடித்த கணக்கு இது. எல்லாப் பார்சலும் சேர்த்து மொத்த லோடு சாதாரணமாக 20,97,152 பைட், அதாவது 2 எம்.பி. புரோகிராமுக்கு ஒதுக்கும் ஸ்டாக் என்ற இடத்தில் கால் பங்கு அது. ஸ்டாக்கைப் பெரிதாக்கினால் மொத்த லோடும் கூடும். ஒற்றைப் பார்சல் விதி மட்டும் அசையாது.

இதுவே தாராளம். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் மொத்தமே 5,120 பைட்தான். லினக்ஸிலும் 2007 வரை மொத்த லோடே 128 கே.பி.தான். அந்த வருடம் வந்த 2.6.23 கர்னலில்தான் இப்போதைய முறை வந்தது. விண்டோஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் கமாண்ட் ப்ராம்ப்டில் ஒரு வரிக்கு 8,191 எழுத்துதான்.

*

என் 57,000 பெயர் கேட்டில் மாட்டியது எப்படி? இங்கேதான் தமிழ் உள்ளே வருகிறது.

கம்ப்யூட்டரில் எழுத்தை வைக்க யு.டி.எஃப்.-8 என்று ஒரு முறை. 1992-ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் போட்ட திட்டம். நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. அதில் இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு? ஒரு குறிக்கு மூன்று பைட். குறி என்று ஏன் சொல்கிறேன் என்றால், 'மி' என்று நாம் ஒரு எழுத்தாக எழுதுவதை அது 'ம' ஒன்று, கொக்கி ஒன்று என்று இரண்டாக எண்ணும். ஆக 'மி' ஆறு பைட்.

எங்கள் ஊரையே சோதித்துப் பார்த்தேன். இங்கிலீஷில் நெமிலி ஆறு எழுத்து, ஆறு பைட். தமிழில் மூன்றே எழுத்து, 18 பைட். ஒரே பார்சலில் எத்தனை நெமிலி போகும்? இங்கிலீஷில் 21,845 தடவை போனது. தமிழில் 7,281. அடுத்த நெமிலிக்குக் கேட்டில் இடமில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்கிரீன் முழுக்க ஊர்ப் பெயர் ஓடுவதைப் பார்த்த மனைவி, "பாலா கோயில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.

இப்போது ஃபைல் பெயருக்கு வாருங்கள். சரஸ்வதி தமிழில் 7 குறி, 21 பைட். தேதியும் டி.எக்ஸ்.டி.யும் 15. முடிவுக் குறி 1. ஆக 37. சராசரியாக இதையே வைத்து 57,000-ஆல் பெருக்கினால் 21,09,000 பைட். கேட்டின் வரம்பு 20,97,152. வெறும் 11,848 பைட் அதிகம்! சுமார் 320 சீட்டு. ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துச் சீட்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதற்காகத்தான் செக்யூரிட்டி மொத்த லாரியையும் திருப்பி அனுப்பினார்.

இதையே இங்கிலீஷில் எழுதியிருந்தால்? சரஸ்வதிக்குப் பத்து எழுத்து. 26 பைட். மொத்தம் 14,82,000. சல்யூட் அடித்து வழிவிட்டிருப்பார். நான் எக்ஸ்ஆர்க்ஸ் பக்கமே போயிருக்க மாட்டேன்.

அந்த எக்ஸ்ஆர்க்ஸ் என்ன செய்தது? அது டெம்போ டிரைவர். லாரி போகவில்லையா, நாலு நடையாக அடித்துக் கொடுக்கிறேன் என்கிற ரகம். கேட்டில் 20 லட்சம் வரை விடுவார்கள் என்றாலும், இவர் ஜாக்கிரதையாக ஒரு நடைக்கு 1,31,072 பைட்டுக்கு மேல் ஏற்றுவதில்லை. நடைக்கு 3,542 சீட்டு. பதினாறு முழு நடை, பதினேழாவதில் பாக்கி 328. சரக்கு ஒன்றுகூடத் தொலையவில்லை, டிரைவர் மேல் குற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு நடைக்கும் எதிர் முனையில் ஆக் புதிதாகப் பிறந்து வருகிறது. நடைக்கு ஒரு புதுக் குமாஸ்தா! வந்த சீட்டைக் கூட்டி, வரி அச்சடித்து, வீட்டுக்குப் போய்விடுவார். முந்தின நடையில் யார் பெயர் பாதியில் நின்றது என்று அவருக்கு எப்படித் தெரியும்? 3,542 சீட்டு என்றால் பதினோரு ஆளும் பன்னிரண்டாவது ஆளில் பெரும்பகுதியும். அந்தப் பன்னிரண்டாவது ஆள் இரண்டு குமாஸ்தாக்களிடம் மாட்டி இரண்டு வரியாகிவிடுவார். பதினேழு நடைக்கு நடுவே பதினாறு வெட்டு. பதினாறு பேர்.

என் நண்பன் சொன்னதும் தப்பில்லை. எக்ஸ்ஆர்க்ஸுக்குப் பின்னால் இன்னொரு ஆக் வைத்து, வந்த வரிகளைப் பெயர்வாரியாக மறுபடி கூட்டியிருந்தால் 190 வரிதான் வந்திருக்கும். இரண்டு நிமிஷ வேலை. போனில் அவன் அதைச் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். முதல் தடவை மூஞ்சியில் அடித்த மாதிரி 'முடியாது' என்றதே, அதன் மேல் அன்றைக்கு எனக்கு எரிச்சல். இப்போது மரியாதை. அது யார் போனஸையும் வெட்டவில்லை.

*

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், சனிக்கிழமை, பணம் பட்டுவாடா ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அம்மா மறுபடி வாசலில். இந்தத் தடவை நான் குளித்துவிட்டு இருந்தேன். ஒரு பொட்டலத்தில் அதிரசம்.

"வந்துச்சு தம்பி. முழுசா வந்துச்சு. ஆமா, இன்னாதான் ஆச்சு? பாய் ஏதோ பேரு நீட்டுன்னு சொன்னாரு."

திண்ணையில் உட்காரவைத்துச் சொன்னேன். கர்னல், யு.டி.எஃப்.-8 எல்லாம் சொல்லவில்லை. கேட், டெம்போ, குமாஸ்தா. தமிழில் பெயர் எழுதினால் மூன்று மடங்கு இடம் பிடிக்கும், அதனால் வண்டி கொள்ளவில்லை என்றேன். அவர் தோல் லோடு ஏற்றும் இடத்தில் முப்பது வருஷம் இருந்தவர். எனக்கு ஒரு ராத்திரி ஆனது அவருக்கு ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்போ என் பேர இங்கிலீஷ்ல எழுதியிருந்தா எனக்குப் பணம் ஒழுங்கா வந்திருக்கும், இல்ல?"

"உங்க ஒருத்தர் பேரை இல்லம்மா, எல்லார் பேரையும் எழுதியிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"அதான், வந்திருக்கும்."

"வந்திருக்கும்மா."

தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். படியிறங்கும்போது திரும்பி, "தமிழ்லயே இருக்கட்டும். நீ எண்ணிப் பாரு தம்பி" என்றார்.